பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு போத்தல்

போன மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். மாலை போட்டு, கேக் வெட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, "எல்லாருக்கும் நன்றி, தேத்தண்ணி ஆறுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலியால் கொஞ்சம் முன்கூட்டியே ஓய்வு வாங்கியவன் நான். முப்பது வருட வேலைக்கு அவ்வளவுதான் பேச வந்தது.

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் விடவில்லை. இப்போது எங்களிடம் ஒரு இயந்திரம் இருக்கிறது. கிருமியை உள்ளே வைத்தால் எந்த மருந்துக்கு அது சாகும், எந்த மருந்துக்குச் சாகாது என்று காகிதத்தில் அடித்துத் தந்துவிடும். அது வருவதற்கு முன்னால் நீங்கள் எல்லாம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். பேச வராவிட்டால் எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆனால் எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில் உள்ள கால்நடை ஆய்வுகூடம் ஒன்றில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கழுவியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. குழாய்த் தண்ணீரில் ஏழு தரம், வடித்த தண்ணீரில் மூன்று தரம். ஏன் இத்தனை தரம் என்று ஒருநாள் கேட்டேன். கண்ணாடியில் சவர்க்காரம் ஒட்டியிருந்தால் அதுவே கிருமியைக் கொன்றுவிடும், நாங்கள் மருந்து கொன்றது என்று எழுதிவிடுவோம் என்றார்கள். அன்றிலிருந்து ஏழு தரத்தை எட்டாக்கிக்கொண்டேன்.

பிறகு தர்மினி மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மிருக வைத்தியர், எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளர். உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெள்ளைக் கோட்டின் ஓரத்தால் துடைப்பார். பிழை எவ்வளவு பெரியதோ அவ்வளவு நேரம் துடைப்பார். மிருகங்களுக்குக் கொடுக்கும் மருந்தும் மனிதருக்குக் கொடுக்கும் மருந்தும் பாதி ஒன்றுதான், கிருமிக்கு மாடு, மனிதன், முட்டை என்ற பேதம் கிடையாது, மூன்றையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஒன்றுமே விளங்காது என்று சொல்வார். ஆஸ்பத்திரியோடு பேசி அப்படி ஒரு ஆராய்ச்சியைத் தொடங்கியவரும் அவர்தான். கழுவுதொட்டியில் நின்ற என்னைக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் அவர்தான்.

அந்த வேலை இப்படி. நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் கடற்பாசி காய்ச்சித் தட்டில் ஊற்றி உறைய வைப்பார்கள் அல்லவா, அதே பாசிதான். சீனிக்குப் பதிலாகக் கிருமிக்குப் பிடித்த சாப்பாடு கலந்திருக்கும். வட்டக் கண்ணாடித் தட்டில் அதை ஊற்றுவது என் வேலை. மேசை சரிந்திருந்தால் ஒரு பக்கம் தடிப்பாக உறையும், கணக்குப் பிழைக்கும். உறைந்த தட்டின் மேல் கிருமியைப் பஞ்சால் தடவி, மருந்து ஊறிய சின்னக் காகிதப் பொட்டுகளை இடைவெளி விட்டு வைப்போம். பிறகு சூட்டுப் பெட்டிக்குள் ஒரு நாள். மறுநாள் எடுத்தால் தட்டு முழுவதும் கிருமி பால் ஆடை போலப் படர்ந்திருக்கும். எந்தப் பொட்டைச் சுற்றி வெறும் வட்டம் இருக்கிறதோ அந்த மருந்துக்குக் கிருமி சாகிறது. வட்டமே இல்லாமல் பொட்டின் விளிம்பு வரை படர்ந்திருந்தால் அந்த மருந்தை அது சட்டை செய்யவில்லை.

அந்த வட்டத்தை மில்லிமீற்றரில் அளக்க வேண்டும். மிஸ் ஒரு தரம் அளப்பார், நான் ஒரு தரம் அளப்பேன். அவர் எழுதியதைக் கையால் மூடிக்கொள்வார். நானும் மூட வேண்டும். பிறகுதான் கையை எடுப்போம். வித்தியாசம் இரண்டுக்கு மேல் போனால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். பட்டம் பெற்றவருக்கும் ஐந்தாம் வகுப்புக்காரனுக்கும் அந்த மேசையில் ஒரே அளவுகோல். முதல் வாரம் அவர் என்ன எழுதியிருப்பார் என்று அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். "நீங்கள் என்ன கண்டியளோ அதைச் சொல்லுங்கோ. நான் என்ன காணோணும் எண்டு யோசிக்காதேங்கோ," என்றார். வேலையில் எனக்குக் கிடைத்த பயிற்சி முழுவதும் அந்த இரண்டு வசனம்தான்.

அளப்பது சுகமான வேலை. மாதிரி எடுக்கப் போவதுதான் எனக்குச் சோதனை. கோழிக்கு வெட்கம் இல்லை, பஞ்சுக் குச்சியால் பின்பக்கம் ஒரு தடவல், முடிந்தது. மாட்டுக்கும் இல்லை. மனிதரிடம்தான் சின்னப் போத்தலைக் கொடுத்து, நாளைக் காலையில் இதில் கொஞ்சம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். எது கொஞ்சம் என்று அவர்கள் கேட்பார்கள். மலம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. வத்தேகமப் பக்கம் ஒரு வீட்டில் சரியாகச் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த நாள் போனால் போத்தலில் பெருங்காயம் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மூடி இறுக்கமாக இருக்கிறது, இன்னும் இரண்டு கிடைக்குமா என்று கேட்டார்கள். பத்துப் போத்தல் கொடுத்தால் ஆறு திரும்பும். அதில் ஒன்று வெறுமையாக இருக்கும், ஒன்றைக் கழுவிக் கொடுத்திருப்பார்கள். அதுதான் வழக்கமான கணக்கு. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரே லயத்தை, அதாவது ஒரே வரிசை வீடுகளைச் சேர்ந்த மூன்று சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வழக்கமாகக் கொடுக்கும் மருந்து கேட்கவில்லை. அடுத்ததும் கேட்கவில்லை. மூன்றாவதுக்குத்தான் பிள்ளைகள் தேறின. சாப்பாட்டால் பரவுகிற கிருமி என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து எங்களுக்கும் கொஞ்சம் அனுப்பினார்கள். இது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் என்றார்கள். லயத்தில் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு ஒரு ஆள் என்று பன்னிரண்டு போத்தல். லயத்துக்குக் கீழே ஒரு கோழிப் பண்ணை, இரண்டு கொட்டில். அதிலும் மாதிரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய், ஆளைப் பார்த்து, பெயர் ஒட்டிய போத்தலைக் கையில் கொடுத்து, விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று மிஸ் இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஏறிப் போனால், மலைத்தண்ணீர் விழும் லயத்துப் பீலியடியில் எட்டுப் பத்துப் பெண்கள் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி என் பையைப் பார்த்து, "என்னா அண்ணே, வளையல் யாவாரமா?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நேரே பிள்ளை மடுவத்துக்குப் போனேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. அதைப் பார்த்துக்கொள்ளும் பார்வதி ஆயாம்மா நல்ல மனுஷி, லயத்தில் எல்லாருக்கும் வேண்டியவர். பன்னிரண்டு போத்தலையும் பையோடு அவர் கையில் கொடுத்து, நீங்களே பங்கிட்டுவிடுங்கள், காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

கோழிப் பண்ணை அவருடைய புருஷன் மருதை அண்ணனுடையது. மடுவத்து வாங்குப் பலகையில் பிள்ளைகளுக்கு மா உருண்டை பிடித்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு இறங்கினார். தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கிடைத்த பணத்தை எல்லாம் போட்டு எழுப்பிய கொட்டில்கள். அறுபதைத் தாண்டியும் ஆள் தேக்குக் கட்டை. பஞ்சுக் குச்சியை நான் கோழிக்கு வைக்கும்போது பக்கத்தில் நின்று, மெதுவா, மெதுவா, அது பொட்டப்புள்ள என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீரில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு நோயும் வராமல் இருக்கக் குஞ்சிலிருந்தே மருந்துத் தூள் போடுவதாகப் பெருமையாகச் சொன்னார். தனக்கும் அப்படித்தான், இலேசாக உடம்பு காய்ந்தாலே கடையில் சிவப்பும் மஞ்சளுமான குளிசை நாலு வாங்கிப் போட்டுவிடுவாராம். "நா ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதே இல்ல தம்பி," என்றார்.

மறுநாள் போனபோது பன்னிரண்டு போத்தலும் தயார். ஒவ்வொன்றையும் வெளியே கழுவித் துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. என் வேலை வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. மிஸ்ஸும் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன்," என்றார். அவர் வாயில் அந்தச் சொல் வருடத்துக்கு ஒருதரம் வரும். நான் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கிழமைக் கடைசியில் தட்டுகளை அளந்தோம். பன்னிரண்டிலும் அந்தக் கிருமி. ஐந்து மருந்துப் பொட்டுகளைச் சுற்றி வட்டமே இல்லை. ஆறாவதில் மட்டும் வட்டம். பதினெட்டு, பதினெட்டு, பத்தொன்பது, பதினெட்டு. மிஸ் கையை எடுத்தார், நான் கையை எடுத்தேன், இருவரும் ஒன்றையே எழுதியிருந்தோம். பிள்ளைகளிடமிருந்து வந்த கிருமியின் தட்டும் அதேதான்.

மிஸ்ஸின் முகம் இருண்டுவிட்டது. ஒரு லயமே முழுக்க இந்தக் கிருமியைச் சுமக்கிறது என்றால், பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவானது என்ன என்று பார்க்க வேண்டும். தண்ணீரை ஏற்கெனவே பார்த்தாயிற்று, நல்ல தண்ணீர். மிச்சம் இருந்தது கீழே இருக்கும் கோழிதான். எல்லா வீட்டிலும் அங்கேதான் வாங்குகிறார்கள். கோழி மாதிரிகளைப் பார்க்க வேண்டிய மருந்துச் சாமான் முடிந்து, கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தது. இன்னும் ஒரு கிழமை ஆகும். அதற்குள் சுகாதாரப் பரிசோதகர் இரண்டு தரம் தொலைபேசியில் பேசிவிட்டார். பிள்ளைகள் விஷயம், ஒரு கிழமை பொறுக்க முடியாது, கொட்டிலை மூடிக் கோழிகளைப் புதைக்க எங்கள் கடிதம் வேண்டும் என்றார். மிஸ் வெகுநேரம் யோசித்தார். திங்கட்கிழமை காலையில் கையெழுத்து வைத்துத் தருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. தட்டுகளை நீராவியில் வேகவைத்துக் கழுவ எடுத்தேன். பன்னிரண்டையும் அடுக்கிப் பார்த்தபோது ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே வட்டம், அச்சில் வார்த்தது போல. அண்ணன் தம்பியாக ஒரு தட்டில் சோறு தின்கிறவர்களுக்குக்கூட வயிற்றுக்குள் அவ்வளவு ஒற்றுமை இருந்து நான் பார்த்ததில்லை. வேறு ஒன்றும் நினைவுக்கு வந்தது. ஒரு போத்தலில் ஒட்டியிருந்த பெயர் ஒன்றரை வயதுப் பிள்ளையுடையது. அதுவும் மற்றப் போத்தல்களைப் போல மூடி வரை நிறைந்திருந்தது. பத்துக்கு ஆறு திரும்புகிற ஊரில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு எப்படித் திரும்பியது? இந்தக் கேள்வியை அந்த டின் கைக்கு வந்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். பாராட்டு வாங்குகிற அவசரத்தில் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கலஹா பஸ்ஸில் ஏறினேன். மருதை அண்ணன் வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார், தேத்தண்ணி வந்தது. முழுவதும் குடித்து முடித்தும் எனக்கு வாய் திறக்கவில்லை. கடைசியில் ஆயாம்மாதான், ஏதோ கேட்க வந்தமாதிரி இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்தார். போத்தல் ஒவ்வொரு வீட்டுக்கும் போனதா என்று கேட்டேன்.

"நீங்க ஆம்பள. நீங்களே வெக்கப்பட்டு எங்கிட்ட குடுத்துட்டு ஓடினீங்க," என்றார் ஆயாம்மா. "நா பொம்பள, வீடு வீடாப் போயி எப்புடிக் கேக்குறது?"

மருதை அண்ணன் அவரைக் கையமர்த்தினார். அவர் முகத்தில் ஒரு பெரிய காரியம் செய்து முடித்த திருப்தி இருந்தது.

"பயப்படாதீங்க தம்பி. கவுருமெண்டுலருந்து சோதிக்க வந்திருக்காங்க. நோஞ்சான் எல்லாம் குடுத்து நம்ம லயத்துப் பேரு கெட்டுறக் கூடாதுன்னு நாந்தான் பன்னெண்டையும் நெரப்புனேன். இந்த லயத்துல வயித்துல ஒரு கோளாறும் இல்லாத ஆளு நா ஒருத்தன்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அது அடுத்த நிமிடம்வரைகூட நிற்கவில்லை. லயத்தின் பெயரைக் காப்பாற்ற அவர் நிரப்பிய போத்தல்களை வைத்து, மறுநாள் அவருடைய கோழிகளைப் புதைக்கப் போகிறார்கள். கொட்டில் பக்கமிருந்து கோழிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்கு அதைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. அவர் செய்தது பிழை என்றால் அதற்கு வழி விட்டது நான். திங்கள் விடிந்ததும் மிஸ்ஸிடம் சொல்கிறேன் என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை மிஸ் வருமுன்பே அவர் அறை வாசலில் நின்றேன். மேசையில் கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தது. எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் வரும்போது நாலு விதமாகப் பாடம் பண்ணியிருந்தேன். ஒன்றும் வரவில்லை. "மிஸ், பன்னெண்டும் ஒரே ஆளோடது," என்றுதான் வந்தது. பிறகு மிச்சத்தையும் சொன்னேன். பீலியடியையும் மறைக்கவில்லை.

மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் வர இன்னும் சில மாதம் இருந்தது. அது இனி வராது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

"வீட்டுக்கு வீடு போகச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்?"

"ரெண்டு தரம் மிஸ்."

"கெட்டிக்காரன் எண்டும் சொன்னனான். அதையும் வாங்கிக்கொண்டு போனியள்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பரிசோதகரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கள் மாதிரியில் பிழை நடந்துவிட்டது, கோழிகளின் முடிவு வரும்வரை கொட்டிலைத் தொட வேண்டாம் என்று சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. "ஓம், ஓம், பிழை எங்கடைதான்," என்றார் மிஸ். என் பெயரைச் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு போகலாம் என்று நினைத்துத் திரும்பினேன்.

"நில்லுங்கோ. மாதிரி பிழைதான். ஆனால் தட்டு பிழையில்லை. அந்தக் கிருமி யாரோ ஒரு ஆளிட்டை இருக்குது. ஆர் அந்த ஆள்? என்ன செய்யிறவர்?"

கோழி வளர்க்கிறவர், ஆயாம்மாவின் புருஷன் என்றேன். வேறு என்ன செய்வார் என்று கேட்டார். யோசித்தேன். முதல் நாள் தோட்டத்துக்குப் போனபோது பிள்ளை மடுவத்தின் வாங்கில் மருதை அண்ணன் உட்கார்ந்து சத்துமா உருண்டை பிடித்துக்கொண்டிருந்தது கண்ணில் வந்தது. வறுத்த மாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து, பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ஆயாம்மாவின் கை நோவுக்காக அவர்தான் தினமும் பிடித்துக் கொடுப்பார். பிடித்த பிறகு அடுப்பில் வைப்பதில்லை. அதைச் சொன்னேன்.

மிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளை எடுத்துப் பார்த்தார். "காய்ச்சல் வந்த மூண்டு பிள்ளையளும் மடுவத்துப் பிள்ளையள்தானே?"

ஆமாம். லயத்தில் பெரியவர் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு தட்டும் ஒன்றாக நின்று எங்கள் கண்ணை மறைத்திருந்தன. பன்னிரண்டு பேர் என்று நினைத்தவரை கோழியைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஒரே ஆள் என்றதும் அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது.

அன்றைக்கே வாகனத்தில் இருவரும் போனோம். எந்த வெட்கமும் இல்லாமல் நான் அந்தத் தோட்டத்துக்கு ஏறிப் போனது அதுதான் முதல் தடவை. அவ்வளவு பயம். மருதை அண்ணனிடம் மிஸ் எப்படிச் சொல்லப் போகிறார் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன். மிஸ் அவரைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், அவருக்குச் சமமாக ஒரு கல்லில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். கிருமி உங்களிடம் இருக்கிறது, உங்களை ஒன்றும் செய்யவில்லை, பெரிய ஆட்களிடம் அது சத்தமில்லாமல் இருந்துவிடும், சின்னப் பிள்ளைகளை விழுத்தும். சும்மா சும்மா போட்ட குளிசைகளில் மற்றக் கிருமிகள் செத்திருக்கும், அதற்குச் சாகாதது மட்டும் தனக்கு இடம் கிடைத்தது என்று பெருகியிருக்கும். முதலில் எங்கிருந்து வந்தது என்று தனக்கும் தெரியாது என்றார்.

மருதை அண்ணன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைகளில் ஒன்று அவருடைய சொந்தப் பேத்தி. அது எனக்கு அப்போதுதான் தெரியும். ஆயாம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப கோழி?" என்று கேட்டார் மருதை அண்ணன் கடைசியில்.

கோழிக்கு ஒரு கிழமை தவணை வாங்கியிருக்கிறோம் என்றார் மிஸ். முடிவு வரும்வரை விற்கக் கூடாது. அவர் மூன்று தரம் கிருமி இல்லாத போத்தல் கொடுக்கும்வரை பிள்ளைகளின் சாப்பாட்டைத் தொடக் கூடாது. மலசலகூடத்துக்குப் போய் வந்தால் சவர்க்காரம், ஒவ்வொரு தரமும். குளிசை கூடவே கூடாது, போட்டால் கிருமி போக இன்னும் நாள் எடுக்கும் என்றார். ஆஸ்பத்திரியிலும் ஒருதரம் காட்டச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத மனிதர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

திரும்பும்போது வாகனத்தில் மிஸ் என் பக்கம் ஒரு பையைத் தள்ளினார். புதிய போத்தல்கள், பன்னிரண்டு. வேறு யாரையாவது அனுப்புவீர்களா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். பிழை விட்டவர்தான் திருத்தோணும் என்றார்.

அந்த வாரம் ஒரு யோசனை செய்தேன். என்னுடையதையும் ஒரு போத்தலில் எடுத்து, என் பெயரை ஒட்டி, பதின்மூன்று என்று இலக்கம் போட்டு, தாளில் சுற்றிக்கொண்டேன். பீலியடியில் அதே பெண்கள். இந்தமுறை முதலாவது வீட்டுக்கு நேரே போனேன். வளையல் கேட்டவள்தான் கதவைத் திறந்தாள். பேச்சு வராததால் என் போத்தலை எடுத்துக் காட்டினேன். பெயரைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் பெயரைப் படித்தாள். "அய்யோ, இவரே குடுத்துருக்காரு," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் கையை நீட்டிப் போத்தலை வாங்கிக்கொண்டாள். நான் நாலாவது வீட்டுக்குப் போவதற்குள் செய்தி பன்னிரண்டாவது வீட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வாசலிலும் நான் விளக்கம் சொல்ல வேண்டி வரவில்லை.

ஒன்பது போத்தல் மாதிரியோடு திரும்பியது. ஒன்று வெறுமை. ஒன்றைக் கழுவிக் கொடுத்திருந்தார்கள், ஒன்று காணாமலே போயிற்று. மிஸ்ஸுக்கு அந்த ஒன்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். தட்டுகளும் ஒன்பது விதமாக வந்தன. அந்தக் கிருமி தேறி வந்த ஒரு பிள்ளையிடம் மட்டும் இருந்தது, மற்ற எட்டுப் பேரிடமும் இல்லை. கோழிகளிடமும் அது இல்லை. ஆனால் கோழிகளின் குடலில் உள்ள வேறு கிருமிகள், அவர் தண்ணீரில் போட்ட தூளுக்குக் கொஞ்சமும் அசையவில்லை. தட்டில் அந்தப் பொட்டைச் சுற்றி வட்டமே இல்லை. மிஸ் அந்தத் தட்டையே எடுத்துக்கொண்டு போய் மருதை அண்ணனிடம் காட்டினார். காசு கொடுத்து இதைத்தான் வளர்க்கிறீர்கள் என்றார். தூளை நிறுத்தி, கொட்டிலைக் காய விட்டு, குஞ்சுகளை நெருக்காமல் வளர்க்க ஒப்புக்கொண்ட பிறகு, விற்கலாம் என்று பரிசோதகரும் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து வைக்கும்போதும் அவர் மூஞ்சி சரியில்லைதான்.

பதின்மூன்றாவது தட்டையும் அளந்தோம். மிஸ் கையை எடுக்குமுன் சிரித்துவிட்டார். என் வயிற்றுக் கிருமிக்கும் இரண்டு மருந்து கேட்கவில்லை. கடையில் நானும் கேட்டு வாங்கி விழுங்கியவன்தானே. அன்றோடு நிறுத்தினேன். நிரந்தர வேலைக் கடிதம் சொன்ன நேரத்துக்கே வந்தது. மிஸ் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மருதை அண்ணன் தன் போத்தல்களை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. கலஹா பஸ்ஸில் தானே கொண்டுவந்து, வாயிற்காவலாளிக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி சவரிமுத்து, கொண்டாந்துருக்கேன்," என்று வாசலில் நின்று கூப்பிடுவார். ஓடிப்போய் வாங்குவேன். முதலாவதில் கிருமி இருந்தது. பிறகு வந்ததிலும் இருந்தது. ஒவ்வொரு தரமும் சொல்லும்போது கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். மடுவத்துப் பக்கமே அவர் போவதில்லை, பேத்தியைத் தூக்குவதில்லை என்று ஆயாம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். தூக்கலாம், கை கழுவினால் போதும் என்று மிஸ் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் கேட்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு போத்தல் சுத்தமாக வந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை நானும் மிஸ்ஸும் தனித்தனியாக நாலு தரம் பார்த்தோம். ஒன்றும் முளைக்கவில்லை. நானே மடுவத்துக்குத் தொலைபேசி எடுத்து, அண்ணனைக் கூட்டி வரச் சொல்லி, நேராகச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

மறு கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு டின். திறந்து மேசையில் வைத்தார். சத்துமா உருண்டை, இருபது முப்பது இருக்கும், எல்லாம் ஒரே அளவு. அவரே பிடித்தது. எங்கள் பகுதியில் அப்போது ஆறு பேர். ஆறு பேரும் டின்னைப் பார்த்தோம், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருடைய தட்டுகளை எல்லாம் பார்த்தவர்கள் நாங்கள். மருதை அண்ணன் டின்னைத் தள்ளவும் இல்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மிஸ் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். டின்னிலிருந்து ஒன்றை எடுத்தார், பெரியதாகப் பார்த்து. அதை முழுவதும் மென்று முடித்தார்.

"சீனி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார். பிறகு இன்னொன்று எடுத்தார்.

நானும் எடுத்தேன்.